50 மைல் அமைதி!

'ஃபாரின் டூர்' என்றதும் உங்கள் மனசு எங்கே பறக்கும்? சிங்கப்பூர், பாரீஸ், சுவிட்சர்லாந்து... பனிமலையில் ஹீரோ மட்டும் கோட் போட்டுக்கொண்டு, ஹீரோயின் மெல்லிசாக ஒரு புடவையில் நடுங்காமல் ஆடுவாரே, அந்த ஊர்! அதெல்லாம் எல்லோரும் போகிற ரூட். இந்த வாரம் நாம் போகப்போவது கேனரி தீவுகளுக்கு. பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை, பர்ஸில் பஸ் பாஸ் மட்டும்தான் இருக்கிறது என்கிறீர்களா? கவலையை விடுங்கள். மெஸ் தட்டை ஓரமாக வைத்துவிட்டு இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.

முதலில் மேப். ஆப்பிரிக்காவின் இடது தோள்பட்டையைப் பாருங்கள். மொராக்கோ கரையில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலில் பொரியை இறைத்த மாதிரி சில புள்ளிகள் தெரிகிறதா? அதுதான் கேனரி. பக்கத்து வீடு ஆப்பிரிக்கா, ஆனால் ரேஷன் கார்டு ஸ்பெயினுடையது! கூண்டில் வளர்ப்பார்களே மஞ்சள் கேனரி குருவி, அதற்கு இந்தத் தீவுகளின் பெயரைத்தான் வைத்தார்கள். தீவுகளுக்குப் பெயர் வந்ததோ நாயால் என்பார்கள். லத்தீனில் நாய்க்கு 'கானிஸ்'. ஆக, அந்தக் குருவியின் பெயருக்குள் ஒரு நாய் ஒளிந்திருக்கிறது!

எல்லாமே எரிமலை கக்கிய தீவுகள். ஸ்பெயின் நாட்டின் மிக உயரமான சிகரம் மாட்ரிட் பக்கம் எங்கும் இல்லை. இங்கே டெனரீஃப் தீவில் நிற்கும் தெய்தே எரிமலைதான் அது. உயரம் 3,715 மீட்டர். பீச், சர்ஃபிங், எரிமலை என்று வருஷத்துக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்து குவிகிறார்கள்.

நாம் போவது வேறு ஒன்றுக்காக. 2004 வரைக்கும் இந்தக் கரைகளில் திரும்பத் திரும்ப ஒரு கொடுமை நடந்தது. அதற்குப் பிறகு நின்றுபோனது. எப்படி நடந்தது, எப்படி நின்றது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த டூர். கிளம்பலாமா?

ஆடு, காற்று, எலும்புக்கூடு

முதல் ஸ்டாப், ஃபுவெர்தெவென்தூரா. பெயரைச் சொல்லிப் பழகவே ஒரு செமஸ்டர் ஆகும். மாட்ரிட்டில் விமானம் மாறி, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பறந்தால் வந்துவிடலாம். இறங்கினதும் பச்சையைத் தேடாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். பழுப்பு மலை, பழுப்பு மண், அதில் மேயும் பழுப்பு ஆடுகள். ஆட்டுப்பால் சீஸ் இந்தத் தீவின் பெருமை. இன்னொரு பெருமை 'கோஃபியோ'. தானியத்தை வறுத்து அரைத்த மாவு. நீங்கள் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது அம்மா டப்பாவில் அடைத்துக் கொடுக்கும் சத்துமாவின் ஸ்பானிஷ் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று? அடிக்கிற அடியில் தொப்பி பக்கத்துத் தீவுக்குப் போய்விடும். அதனால்தான் காற்றுப் பலகை ஓட்டுகிறவர்களுக்கு இது சொர்க்கம்.

தீவின் தெற்குக் கோடியில் மோரோ ஹாப்லே என்று ஒரு ஊர். நீளமான வெள்ளை பீச், ஒரு கலங்கரை விளக்கம். அங்கே வெட்டவெளியில் ஒரு பெரிய திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை நிறுத்திவைத்திருக்கிறார்கள். நம்ம ஊர்ப் பேப்பரில் 'அம்பர்கிரிஸ் கடத்தல்' என்று அடிக்கடி செய்தி வருமே... அந்த அம்பர்கிரிஸ் உருவாவது இந்த வகைத் திமிங்கலத்தின் குடலில்தான். டூரிஸ்ட்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டு, அப்படியே கடலைப் பாருங்கள்.

2002 செப்டம்பர் 24. இந்தத் தீவிலும் பக்கத்தில் உள்ள லான்சரோட்டே தீவிலும் திமிங்கலங்கள் கரைக்கு வர ஆரம்பித்தன. ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று தள்ளித் தள்ளி. மொத்தம் 14. அதே நேரத்தில் இந்தக் கடலில் 'நியோ தப்போன்' என்ற பெயரில் பல நாட்டுப் போர்க்கப்பல்கள் சேர்ந்து பயிற்சி நடத்திக்கொண்டிருந்தன. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவிகளை ஆன் செய்த சுமார் 4 மணி நேரத்தில் முதல் திமிங்கலங்கள் ஒதுங்கத் தொடங்கிவிட்டன.

'தற்செயலாக இருக்கலாமே?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அன்றைக்கு நிறையப் பேர் அப்படித்தான் கேட்டார்கள். பதில் சொல்ல, ஒதுங்கியவர்கள் யார் என்று முதலில் தெரிய வேண்டும்.

கூச்ச சுபாவ சாம்பியன்

செத்ததெல்லாம் 'அலகுத் திமிங்கலம்' வகை. வாய் கொஞ்சம் நீண்டு பறவையின் அலகு மாதிரி இருப்பதால் இந்தப் பெயர். அதிலும் பெரும்பாலானவை 'க்யூவியர் அலகுத் திமிங்கலம்'. கிளாஸில் கடைசி பெஞ்சில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், மூன்று வருஷம் முடியும்போதுதான் அவர் குரலே நமக்குத் தெரியும். இல்லையா? இது அந்த டைப். கப்பலைக் கண்டால் ஒதுங்கும். மேலே வந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும், அடுத்த நொடி ஆளைக் காணோம்.

காணாமல் போய் எங்கே போகும்? கீழே. ரொம்பக் கீழே. 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கருவி பொருத்தப்பட்ட ஒரு க்யூவியர் திமிங்கலம் 2,992 மீட்டர் ஆழம் போயிருந்தது. நம்ம தொட்டபெட்டா சிகரத்தைத் தலைகீழாகக் கடலில் இறக்கினாலும் இன்னும் 300 மீட்டருக்கு மேல் பாக்கி இருக்கும்! 2020-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஒரு திமிங்கலம் ஒரே மூச்சில் 3 மணி 42 நிமிஷம் தண்ணீருக்குள் இருந்தது பதிவானது. ஒரு சினிமாவை இன்டர்வெலோடு பார்த்துவிட்டு, பரோட்டாவும் சாப்பிட்டுவிட்டு வரலாம். அதுவரை மூச்சே விடாமல்! பாலூட்டிகளில் இந்த இரண்டு ரெக்கார்டுமே இதன் கையில்தான். ஸாரி, துடுப்பில்தான்.

ஆழத்தில் வெளிச்சம் கிடையாது. கண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் சத்தத்தை அனுப்பி, அது எதிரொலித்து வருவதைக் கேட்டு, கணவாயைப் பிடித்துச் சாப்பிடுகிறது. நமக்குக் கண் எப்படியோ, இதற்குக் காது அப்படி.

கேனரி தீவுகளுக்கும் இவற்றுக்கும் என்ன ஒட்டு? எரிமலைத் தீவு என்பதால் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே கடல் கிடுகிடுவென்று ஆழமாகிவிடுகிறது. மெரினாவில் இருந்து கிளம்பினால் இந்த ஆழத்தைத் தேடி நாள் முழுக்கப் படகு ஓட்ட வேண்டியிருக்கும். இங்கே கரையில் நின்று கையை நீட்டினாலே ஆழ்கடல். அதனால் ஆழத்தில் வாழும் பிராணிகளுக்கு இது நிரந்தர வீடு.

இன்னொரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில திமிங்கல வகைகள் கூட்டமாகக் கரை ஒதுங்குவது பல காலமாக நடப்பது. தலைவன் போகிற பக்கம் மொத்தக் கூட்டமும் போகும். அலகுத் திமிங்கலம் அப்படி இல்லை. 1960-களுக்கு முன்பு இவை கூட்டமாக ஒதுங்கியது மிக மிக அபூர்வம். அதற்குப் பிறகுதான் அடிக்கடி. இன்றைய பாணி சோனார் கடற்படைகளில் பரவியதும் ஏறக்குறைய அதே காலம்தான்.

'பிங்' என்றால் என்ன?

சோனாரின் தத்துவம் ரொம்ப சிம்பிள். பாழுங்கிணற்றுக்குள் தலையை நீட்டி 'ஓய்' என்று கத்துவீர்களே, அதே கதைதான். கப்பல் 'பிங்' என்று ஒரு சத்தத்தைத் தண்ணீருக்குள் அனுப்பும். எதிரே நீர்மூழ்கி இருந்தால் சத்தம் அதில் பட்டுத் திரும்பும். காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகும் சத்தம், கடல்நீரில் 1,500 மீட்டர் போகும். அதுவும் பல கிலோமீட்டர் தூரத்துக்கு.

எவ்வளவு சத்தம்? அமெரிக்கப் போர்க்கப்பல்களில் இருக்கும் முக்கியமான ஒரு சோனார் 235 டெசிபல். இங்கே ஒரு சின்ன பிசிக்ஸ். தண்ணீர் டெசிபலும் காற்று டெசிபலும் ஒன்றில்லை. தண்ணீர் கணக்கில் இருந்து சுமார் 62-ஐக் கழித்தால்தான் காற்றுக் கணக்கு வரும். கழித்தாலும் 173! ஓடிக்கொண்டிருக்கும் ஜெட் என்ஜின் பக்கத்தில் நிற்பதைவிட மோசம். அது கப்பலின் வாசலில் உள்ள அளவு. தூரம் போகப் போகக் குறையும், உண்மைதான். ஆனால் கூச்ச சுபாவக்காரருக்கு அதுவே ஜாஸ்தி.

தெற்கு கலிஃபோர்னியா கடலில் க்யூவியர் திமிங்கலங்களுக்குக் கருவி பொருத்தி, சோனார் மாதிரி சத்தத்தை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது. சத்தம் குறைவாக இருந்தபோதே அவை சாப்பாட்டை நிறுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு, வேகமாக விலகி ஓடின. இவற்றை வேட்டையாடுவது ஓர்க்கா எனப்படும் கொலையாளித் திமிங்கலம். அதற்குப் பயந்து ஒளிந்து வாழும் பழக்கம்தான் சோனார் கேட்கும்போதும் கிளம்பிவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து.

சரி, பயந்து ஓடினால் சாவு எப்படி வரும்? அதற்கு அடுத்த தீவுக்குப் போக வேண்டும்.

கத்தியோடு வந்த டாக்டர்கள்

இரண்டாவது ஸ்டாப், கிரான் கனாரியா. லாஸ் பல்மாஸ் நகரம். டிராஃபிக், ஷாப்பிங் தெரு, நீளமான பீச் என்று நம்ம சென்னைக்கு அத்தை பெண் மாதிரி இருக்கும். உப்பு நீரில் தோலோடு வேகவைத்துச் சுருக்கம் விழுந்த உருளைக்கிழங்கு கிடைக்கும். தொட்டுக்கொள்ள 'மோஹோ' என்று பூண்டும் மிளகாயும் அரைத்த சட்னி. விடாதீர்கள்!

இங்கே இருக்கும் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவத் துறை ஒன்று இருக்கிறது. அதில் அன்டோனியோ ஃபெர்னாண்டஸ் என்ற நோயியல் பேராசிரியரின் குழுதான் நம் கதையின் ஹீரோ. 2002-ல் திமிங்கலங்கள் ஒதுங்கியதும் இவர்கள் போய் 10 உடல்களை அறுத்துப் பார்த்தார்கள். இதில் முக்கியமானது, உடல்கள் கெட்டுப்போவதற்கு முன்பே போனதுதான். வெயிலில் கிடந்து அழுகிய உடல் எந்த ரகசியத்தையும் சொல்லாது.

வயிற்றில் சாப்பாடு இருந்தது. நோய் அறிகுறி இல்லை. கப்பல் மோதிய காயம் இல்லை. ஆனால் மூளை, காது, சிறுநீரகம் என்று பல இடங்களில் ரத்தக் கசிவு. ரத்தக் குழாய்களுக்குள் காற்றுக் குமிழிகள், கொழுப்புத் துணுக்குகள்.

ஆழ்கடலில் மூழ்குகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. ஆழத்தில் அழுத்தம் அதிகம், நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்திருக்கும். அவசரப்பட்டு மேலே வந்தால் அது குமிழியாகப் பொங்கும். சோடா பாட்டில் மூடியைச் சட்டென்று திறந்தால் பொங்குமே, அப்படி. அந்தக் குமிழி மூளையில் அடைத்தால் ஆள் காலி. மனிதனுக்கு வரும் அந்த மூழ்கு நோய், மூழ்குவதையே பிழைப்பாக வைத்திருக்கும் திமிங்கலத்துக்கு எப்படி வரும் என்பதுதான் அதுவரைக்கும் எல்லோரும் நினைத்தது. அவை மூழ்குவதற்கும் ஏறுவதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. பயத்தில் அந்தக் கணக்கு தப்பிவிட்டது என்றார்கள் இவர்கள். லண்டனைச் சேர்ந்த பால் ஜெப்சனோடு சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரை 2003 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வந்தது. உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அதற்கு முன்பும் சந்தேகம் இல்லாமல் இல்லை. 1985-ல் இருந்தே கேனரி கரைகளில் அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கிய பல சமயங்களில், கண்ணுக்கெட்டிய தூரத்தில் போர்க்கப்பல்கள் இருந்தன. 1991-லேயே இரண்டு விஞ்ஞானிகள் இதை எழுதிவிட்டார்கள். 1996-ல் கிரீஸ் நாட்டில், நேட்டோவின் சோனார் சோதனை நடந்த நாட்களில் 12 ஒதுங்கின. 2000 மார்ச்சில் பஹாமாஸில் 17 திமிங்கலங்களும் டால்ஃபின்களும். அங்கே கென் பால்கோம்ப் என்ற ஆய்வாளர் இருந்தார். ஒரு காலத்தில் அமெரிக்கக் கடற்படையிலேயே வேலை பார்த்தவர். செத்த திமிங்கலங்களின் தலைகளை வெட்டி ஃப்ரீசரில் பத்திரப்படுத்தினார். ஆதாரம் கையில் இருந்ததால் மறுக்க வழியில்லை. 2001 டிசம்பரில் கடற்படையும் அரசின் மீன்வளத் துறையும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, சோனார்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்தது.

கவனித்தீர்களா? இரண்டு இடத்திலும் விஷயத்தை நகர்த்தியது கோஷம் இல்லை. சரியான நேரத்தில் போய் நாற்றத்தோடு நாற்றமாக நின்று வேலை செய்த சிலர். ஜூவாலஜி லேபில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்!

மேப்பில் ஒரு கோடு

'நேச்சர்' கட்டுரை வந்தும் கதை முடியவில்லை. 2004 ஜூலையில் 'மெஜஸ்டிக் ஈகிள்' என்று இன்னொரு பெரிய கடற்படைப் பயிற்சி. அதையொட்டிக் கேனரி பக்கம் மறுபடியும் 4 க்யூவியர் திமிங்கலங்கள் பிணமாக வந்தன. அந்த வருஷம் அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம், பாதிப்பு என்னவென்று முழுசாகத் தெரியும்வரை அதிக சக்தி சோனாரை நிறுத்திவைக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஸ்பெயின் அரசோ ஒரு படி மேலே போய், 2004-லேயே கேனரி தீவுகளைச் சுற்றி 50 கடல் மைலுக்குள் ராணுவ சோனாருக்குத் தடை விதித்தது. 50 கடல் மைல் என்றால் சுமார் 93 கிலோமீட்டர்.

அவ்வளவுதான். கடற்படையைக் கலைக்கவில்லை. சோனாரைக் கடலில் வீசவில்லை. 'இங்கே வேண்டாம், தள்ளிப் போய்ப் பண்ணு' என்று மேப்பில் ஒரு கோடு போட்டார்கள்.

விளைவு? 2013 மே மாதத்தில் ஃபெர்னாண்டஸ் குழு 'நேச்சர்' இதழுக்கு மறுபடியும் எழுதியது. இந்த முறை சின்னக் கடிதம்தான். தடைக்குப் பிறகு கேனரி தீவுகளில் அலகுத் திமிங்கலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கவே இல்லை என்பது அதன் சாரம். மத்தியதரைக் கடலிலும் இதே தடையைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டார்கள். 2017 செப்டம்பரில் உலகின் முக்கியமான அலகுத் திமிங்கல ஆய்வாளர்கள் கூடிப் பேசினார்கள். எங்கே தெரியுமா? நாம் முதலில் இறங்கினோமே, அதே ஃபுவெர்தெவென்தூராவில். 2019-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையும் இதைத்தான் சொன்னது. தடை பலன் தருகிறது, மற்ற இடங்களிலும் போடுங்கள்.

கடற்படைக்காரர்கள் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. இன்றைய டீசல்-மின்சார நீர்மூழ்கிகள் பூனை மாதிரி சத்தமில்லாமல் நகர்பவை. வெறுமனே காதைத் தீட்டி உட்கார்ந்தால் பிடிபடாது. 'பிங்' அனுப்பித்தான் தேட வேண்டும். அதைப் பயிற்சி இல்லாமல் கற்றுக்கொள்ளவும் முடியாது. இந்த வாதத்துக்கு மதிப்புக் கொடுத்துத்தான் 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தெற்கு கலிஃபோர்னியா கடலில் கீழ்க் கோர்ட் போட்ட இரண்டு கட்டுப்பாடுகளை ரத்து செய்தது. 2,200 கெஜத்துக்குள் கடல்வாழ் பாலூட்டி தெரிந்தால் சோனாரை நிறுத்து என்பது அதில் ஒன்று. ஆனால் 2015-ல் அதே கடற்படை, ஹவாய், தெற்கு கலிஃபோர்னியா கடல்களில் சில முக்கியமான பகுதிகளைப் பயிற்சியில் இருந்து கொஞ்ச காலத்துக்கு ஒதுக்கிவைக்கச் சம்மதித்து சமரசம் செய்துகொண்டது. 'எங்கே' என்பதை மாற்றினால் இரண்டு பேருக்கும் வழி கிடைக்கும் என்பதுதானே இதன் அர்த்தம்?

இந்தக் கோடு எல்லாக் கடலிலும் இன்னும் வரவில்லை. 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, பசிபிக்கில் மரியானா தீவுகளில் அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கிய நாட்களையும் சோனார் பயிற்சி நாட்களையும் ஒப்பிட்டு, இரண்டும் தற்செயல் என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒத்துப்போவதைக் காட்டியது.

விசில் பேசும் தீவு

மனசு கனத்துவிட்டதா? கொஞ்சம் காற்று வாங்குவோம். டெனரீஃப் தீவின் லோஸ் கிறிஸ்தியானோஸ் துறைமுகத்தில் ஃபெர்ரி ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் லா கொமேரா. 1492-ல் கொலம்பஸ் கடைசியாகத் தண்ணீரும் சாமானும் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா பக்கம் கிளம்பியது இந்தத் தீவில் இருந்துதான்.

லா கொமேராவில் மலையும் பள்ளத்தாக்கும் மாறி மாறி வரும். எதிர் மலையில் இருக்கும் மாமாவைச் சாப்பிடக் கூப்பிட, இறங்கி ஏறினால் சோறு ஆறிவிடும். அதனால் இங்கே ஆட்கள் விசிலடித்துப் பேசக் கற்றுக்கொண்டார்கள். 'சில்போ' என்று பெயர். சும்மா சிக்னல் இல்லை, முழு ஸ்பானிஷ் மொழியையும் விசிலாக மாற்றிப் பேசுகிறார்கள்! 1999 முதல் ஸ்கூலில் கட்டாயப் பாடம். 2009-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம்ம ஊரில் கிளாஸில் விசிலடித்தால் வெளியே அனுப்புவார்கள். இங்கே அடிக்காவிட்டால் மார்க் போய்விடும்!

நீங்கள் இப்போது கடந்து வந்த அந்தக் கடலுக்குள்ளும் விசில் மொழி பேசும் குடும்பங்கள் உண்டு. குட்டைத் துடுப்பு பைலட் திமிங்கலங்கள். வருஷம் பூராவும் இங்கேயே வாழ்பவை. கணவாயைத் துரத்தி ஆழத்தில் நொடிக்கு 9 மீட்டர் வேகம்வரை பாய்வதை இங்கே பதிவு செய்து, 'ஆழ்கடல் சிறுத்தை' என்று செல்லப் பெயர் வைத்தார்கள்.

இவை நமக்கும் உறவுக்காரர்கள்தான். 1973 பொங்கல் நேரத்தில் திருச்செந்தூர் பக்கம் மணப்பாடு கரையில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே கரையில் 80-க்கும் மேல். இரண்டு முறையும் இதே குட்டைத் துடுப்பு இனம். நம் மீனவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் கட்டி இழுத்துக் கடலில் விட்டார்கள். சில மறுபடியும் கரைக்கே திரும்பின. பாதிக்கு மேல் செத்துப்போயின. அதற்கும் சோனார்தான் காரணம் என்று அவசரப்பட்டு ஃபார்வர்டு மெசேஜ் அனுப்பிவிடாதீர்கள். அதை யாரும் நிரூபிக்கவில்லை. தலைவனைப் பின்தொடர்ந்து கூட்டமாக ஒதுங்குவது இந்த இனத்தின் பழைய பழக்கம். திமிங்கலம் ஒதுங்கினாலே சோனார் என்று சொன்னால், நிஜமாகவே சோனாரால் சாகும்போது யாரும் நம்ப மாட்டார்கள். லாஸ் பல்மாஸ் டாக்டர்கள் ஜெயித்தது ஊகித்ததால் இல்லை, அறுத்துப் பார்த்ததால்.

மலை மேல் காவல்

கடைசி ஸ்டாப், எல் இயெர்ரோ. மேற்குக் கோடியில் ஒரு குட்டித் தீவு. தெற்கு முனையில் லா ரெஸ்டிங்கா என்ற மீனவ கிராமம். 2011 அக்டோபரில் இந்தக் கிராமத்துக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் எரிமலை வெடித்து, தண்ணீர் நிறம் மாறி, ஊரையே காலி செய்ய வேண்டிவந்தது. இப்போது அமைதி. காற்றுக்கு மறைவாகத் தீவு குறுக்கே நிற்பதால் இந்தப் பக்கத்துக் கடலுக்கு 'மார் தெ லாஸ் கால்மாஸ்' என்று பெயர். 'அமைதிக் கடல்' என்று அர்த்தம். மீன்கள் நிம்மதியாக இருக்க 1996 முதல் கடல் சரணாலயம்.

இங்கே கரையில் இருந்து சில கிலோமீட்டரிலேயே அலகுத் திமிங்கலங்கள் வாழ்கின்றன. அதனால் டெனரீஃபில் உள்ள லா லகூனா பல்கலைக்கழகத்தின் நட்டாச்சா அகிலார் தெ சோட்டோ குழுவினர், மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, மலை மேல் பைனாகுலரோடு உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள். முதுகு தெரியும் நேரம் சில நிமிஷம்தான். அதற்குள் எத்தனை, எந்தப் பக்கம், குட்டி உண்டா என்று எழுத வேண்டும். துடுப்பில் உள்ள தழும்பைப் போட்டோ பிடித்து ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்திருக்கிறார்கள், நம்ம காலேஜ் ஐ.டி. கார்டு மாதிரி! அவர்கள் கண்டுபிடித்ததில் எனக்குப் பிடித்தது இது: சில நூறு மீட்டர் ஆழம் போகும்வரை இந்தத் திமிங்கலங்கள் மூச்சுக் காட்டுவதில்லை. ஒன்றாகவே இறங்கி, ஆழத்தில் பிரிந்து வேட்டையாடி, மறுபடியும் சேர்ந்து சத்தமில்லாமல் ஏறுகின்றன. ஓர்க்காவுக்குக் கேட்டுவிடக் கூடாதே! அமைதிதான் இவற்றின் கவசம்.

சோனார் நின்றதால் எல்லாம் சுபம் என்று கைதட்டிவிட வேண்டாம். வேகமான ஃபெர்ரிகள் மோதி இந்தக் கடலில் திமிங்கலங்கள் செத்திருக்கின்றன. நாம் ஏறி வந்த மாதிரி ஃபெர்ரிகள்தான். தீவுக்காரர்களுக்கும் அது பஸ் மாதிரி, நிறுத்திவிட முடியாது. அதற்கும் எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டியிருக்கும். வேகத்துக்கோ, பாதைக்கோ.

திரும்பும் முன் சில டிப்ஸ். திமிங்கலம் பார்க்கப் படகு ஏறினால், அனுமதி பெற்ற படகு என்று காட்டும் கொடி பறக்கிறதா என்று பாருங்கள். ஸ்பெயினின் 2007 சட்டப்படி 60 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. 'இன்னும் கிட்டே போ அண்ணே' என்று படகுக்காரரை உசுப்பேற்றாதீர்கள். இங்கேயே இருந்தால் இன்னொரு வேலை உண்டு. நம்ம கரையில் திமிங்கலமோ டால்ஃபினோ ஒதுங்கியதைப் பார்த்தால் செல்ஃபி எடுப்பதற்கு முன்னால் வனத்துறைக்கு போன் போடுங்கள். உயிரோடு இருந்தால் அதன் உயிருக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். செத்திருந்தால் உண்மைக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

லா ரெஸ்டிங்கா மலைமேல் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால், பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. வெறும் நீலம். கூட வந்த நண்பன் 'இதுக்காடா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்று நிச்சயம் கேட்பான். 'ஆமாம்டா, இதுக்குத்தான்' என்று சொல்லுங்கள். அந்த நீலத்துக்கு அடியில், ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், யாரோ நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்!